சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது?

ஜனவரி 5, ஒரு வாசகரின் கேள்வி

நேற்று இரவு ஒரு பாட்டு கேட்டேன். அது எந்த மொழி என்று தெரியவில்லை, பாடிய பெண் யார் என்றும் தெரியாது. இரண்டாவது நிமிடத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குத் துக்கம் ஏதும் இல்லை. நாள் நன்றாகவே போயிருந்தது. இசை எங்கிருந்து வந்தது, ஏன் நம்மை இப்படி உலுக்குகிறது? இசை எல்லா மனிதருக்கும் பொதுவான மொழி என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 5, இரவு

மறுக்கிறேன். மொழி என்றால் அதில் "நாளை வர மாட்டேன்" என்று சொல்ல முடிய வேண்டும். எத்தனை பெரிய கலைஞராக இருந்தாலும் குழலில் ஊதி அதைச் சொல்ல முடியாது. இசைக்கு "நாளை" இல்லை, "இல்லை" என்பதும் இல்லை. நீங்கள் அழுதது அந்தப் பாட்டு ஏதோ சொன்னதால் அல்ல, அது உங்களை ஏதோ செய்ததால்.

என் கட்சி இது: இசை தாலாட்டில் பிறந்தது. சொல்லையே பாருங்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஒலி தாலாட்டு. அதில் பொருள் தேவையே இல்லை. கேட்கிற குழந்தைக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் அது அடங்குகிறது. நீங்கள் நேற்று இரவு இருந்த நிலையும் அதுதான்.

ஆதாரம் ஒன்று தருகிறேன். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 86 சிறு சமூகங்களின் பாடல்களிலிருந்து 14 விநாடித் துண்டுகளை எடுத்து, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். இது எதற்கான பாட்டு என்று மட்டும் கேட்டார்கள். ஆட்டப்பாட்டையும் தாலாட்டையும் மக்கள் தெளிவாகக் கண்டுகொண்டார்கள். காதல் பாட்டைத்தான் கண்டுகொள்ள முடியவில்லை.

டார்வின் 1871-இல் இசையின் வேர் காதலில் இருக்கிறது, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கவர எழுப்பிய ஒலியில் இருக்கிறது என்று எழுதினார். அப்படியானால் காதல் பாட்டு அல்லவா முதலில் தெரிய வேண்டும்?

ஜனவரி 7

எப்போது பிறந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்.

தெற்கு ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் என்ற குகை இருக்கிறது. 2008-இல் அங்கே ஒரு குழல் கிடைத்தது. பாறு கழுகின் இறக்கை எலும்பில் செய்தது. பன்னிரண்டு துண்டுகளாக உடைந்து கிடந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். நீளம் 21.8 சென்டிமீட்டர், ஐந்து துளைகள், ஊதும் முனையில் இரண்டு வெட்டுகள். நான் பன்னிரண்டு வயதிலிருந்து புல்லாங்குழல் வாசிக்கிறேன். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் விரல்கள் தாமாக அசைந்தன. இந்தத் துளையில் மோதிர விரல், இதில் நடுவிரல் என்று கை தானே இடம் தேடியது. நாற்பதாயிரம் ஆண்டு இடைவெளி அந்த ஒரு நொடி இல்லாமல் போனது.

அதே பகுதியில் மாமூத் யானையின் தந்தத்தில் செய்த குழல்களும் கிடைத்திருக்கின்றன. எலும்பாவது இயற்கையாகவே உள்ளே வெறுமையாக இருக்கும். தந்தம் அப்படி இல்லை. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் குடைந்து, காற்றுக் கசியாமல் மறுபடி ஒட்ட வேண்டும். கையில் இருந்தது கல்லாயுதம் மட்டும். உறைபனிக் காலத்தில், உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்த மனிதர்கள் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், இசை அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்காது.

அதற்கும் முன்பே, நமக்கு நெருங்கிய உறவான, இன்று அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் குழல் செய்தார்கள். ஸ்லோவேனியாவில் 1995-இல் கிடைத்த குகைக்கரடியின் தொடை எலும்பே சாட்சி.

ஜனவரி 7, இரவு

இரண்டு திருத்தங்கள். இரண்டும் என் தவறு.

ஸ்லோவேனிய எலும்பைப் பற்றி நான் தீர்ப்பு வழங்கியிருக்கக் கூடாது. அந்தத் துளைகள் ஊனுண்ணி விலங்கின் பல் பட்டு விழுந்தவை என்று வலுவாக வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது பெரிய தவறு. "நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிறந்தது" என்று எழுதிவிட்டேன். அது நமக்குக் கிடைத்த கருவியின் வயது. ஐந்து துளைகளை அளந்து போட்டவர்தான் முதல் ஆள் என்று எப்படிச் சொல்வது? அந்தத் துளைகளுக்குப் பின்னால் பல தலைமுறைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். நாணலும் தோலும் மரமும் மக்கிப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் முந்திய கருவியான தொண்டையோ மண்ணில் எந்தத் தடயமும் விட்டுவைப்பதில்லை. பழந்தமிழில் ஏழு சுரங்களில் முதலாவதன் பெயரே குரல். பெயர் வைத்தவர்களுக்கு வரிசை தெரிந்திருக்கிறது.

ஜனவரி 11

சிலிர்ப்புக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் கேட்டது உண்மையில் இதைத்தான்.

எனக்கு அது பிடரியில் தொடங்கும். அங்கிருந்து தோள்கள், பிறகு முன்கை. மயிர்க்கால்கள் நிமிரும். பல ஆண்டுகள் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. பாட்டின் உச்சத்தில் அது வருவதில்லை, உச்சத்துக்கு ஒரு மூச்சு முன்னால் வந்துவிடுகிறது. குரல் ஏறப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும், ஆனால் இன்னும் ஏறவில்லை. அந்த இடைவெளியில் வரும்.

இதை நான் என் விசித்திரம் என்றே நினைத்திருந்தேன். 2011-இல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தங்களைச் சிலிர்க்க வைக்கும் இசையை ஆட்களே கொண்டுவந்தார்கள். அதை அவர்கள் கேட்கும்போது மூளையில் டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். உச்சத்தில் மூளையின் ஓரிடத்தில் சுரந்தது. உச்சம் வருவதற்கு முந்திய விநாடிகளில் வேறோர் இடத்தில் ஏற்கெனவே சுரந்திருந்தது. வரப்போவதற்கான காத்திருப்பும் வந்து சேர்தலும் தனித்தனி இன்பங்கள்.

லெனார்ட் மேயர் என்ற இசை அறிஞர் 1956-லேயே ஏறத்தாழ இதைச் சொல்லியிருந்தார், எந்தக் கருவியும் இல்லாமல், இசையைக் கூர்ந்து கேட்டே. இசை நம்மை எதிர்பார்க்க வைக்கிறது. அந்த எதிர்பார்ப்பைத் தள்ளிப்போடுகிறது, திசை மாற்றுகிறது, கடைசியில் நிறைவேற்றுகிறது. உணர்ச்சி அங்கே பிறக்கிறது என்றார். தாளத்தில் அடுத்த அடி எப்போது விழும் என்று நாம் ஒவ்வொரு கணமும் கணித்துக்கொண்டிருக்கிறோம். நாம் கணிக்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. அடி ஒரு நூலிழை தாமதமானால்தான் தெரியும்.

ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர் 1991-இல், மக்களை அழவைத்த இடங்களை இசைக் குறிப்பில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார். கண்ணீர் வந்த இடங்களில் பெரும்பாலும் ஒரே வகை அமைப்பு இருந்தது. இசைவில்லாத ஒரு சுரத்தில் சாய்ந்து நின்று, பிறகு இசைவான சுரத்தில் இறங்கும் இடம். குழலில் அதை வாசிக்கும்போது எனக்கே தொண்டை அடைக்கும். ஒருவர் பெருமூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துவது போன்ற அசைவு அது.

ஜனவரி 12

ஒருவர் நல்ல கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார். எதிர்பார்ப்பும் வியப்பும்தான் காரணம் என்றால், நூறு முறை கேட்ட பாட்டு ஏன் இன்னும் சிலிர்க்க வைக்கிறது? புதுப் பாட்டைவிடத் தெரிந்த பாட்டுத்தானே அதிகம் சிலிர்க்க வைக்கிறது?

உண்மை. நேற்று எழுதியதில் ஒரு படி விட்டுப்போனது. நமக்குள் இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் இந்தக் குறிப்பிட்ட பாட்டை அறிந்தவர். மற்றவர் பொதுவாக இசை எப்படி நடக்கும் என்று மட்டும் அறிந்தவர், முதலாமவர் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. திருப்பம் வரும் என்று நமக்குத் தெரிந்தாலும் இரண்டாமவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏமாறுகிறார். தெரிந்த பாட்டில் காத்திருக்கும் இன்பமும் ஏமாறும் இன்பமும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

ஜனவரி 15

கணிதத்தை விட்டுவிட்டீர்களே என்று கடிந்துகொண்டவருக்கு.

விடவில்லை, அங்கே என் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. தந்தியைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் ஸ்தாயி, அதாவது அதே சுரம் ஒரு சுற்று மேலே. மூன்றில் இரண்டு பங்கில் அழுத்தினால் பஞ்சமம், ஐந்தாம் சுரம். இதைப் பிதாகரஸ் பெயரில் சொல்லி வருகிறோம். எளிய விகிதம் காதுக்கு இனிமை, இது இயற்கையின் சட்டம் என்று எனக்கும் கற்பித்தார்கள். 1863-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு உடற்கூற்று விளக்கமும் தந்தார்: நெருங்கிய அதிர்வுகள் மோதிச் சொரசொரப்பு உண்டாகிறது, காது அதை வெறுக்கிறது.

பிறகு 2016-இல் பொலிவியாவின் காடுகளில் வாழும் சிமானே மக்களிடம் போய்ச் சோதித்தார்கள். வெளியுலக இசையோடு மிகக் குறைந்த தொடர்பு உள்ளவர்கள் அவர்கள். சொரசொரப்பான ஒலி அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நாம் இனிமை என்றும் முரண் என்றும் பிரிக்கும் சுரக்கூட்டுகளை அவர்கள் ஒரே அளவு இனிமை என்றார்கள். சேர்ந்து வெவ்வேறு சுரங்களில் பாடும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

ஆக விகிதம் இயற்கையில் இருக்கிறது, அதன் மேல் நமக்குள்ள ஆசை பழக்கத்தில் இருக்கிறது. எனக்கு இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

ஜனவரி 19

"இசையில் உருகாத நெஞ்சு கல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் ஆமோதித்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு இசை பிடிக்காது. வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. நான் குழல் பயிலும்போது கதவைச் சாத்தச் சொல்வார், கோபத்தோடு அல்ல, மின்விசிறியின் கடகடப்பைப் பற்றிச் சொல்வதுபோல. என் முதல் மேடைக் கச்சேரிக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். முடிந்ததும் "ஒரு மணி நேரம் மூச்சுப் பிடித்திருக்கிறாயே, நெஞ்சு வலிக்கவில்லையா அம்மா?" என்று கேட்டார். பதினாறு வயதில் எனக்கு அது அவமானமாக இருந்தது. இந்த மனிதருக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் காது கெட்டிருந்ததா என்றால், இல்லை. நான் ஒரு சுரம் பிசகினால் அடுத்த அறையிலிருந்து "அது தப்பு" என்பார். சரியாகவே சொல்வார். தப்பு தெரிகிறவருக்குச் சரி ஏன் இனிக்கவில்லை என்பது எனக்குப் புதிராகவே இருந்தது.

2014-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் அப்பாவைப் போன்றவர்களைப் பற்றி எழுதினார்கள். சுரமும் தாளமும் சரியாகக் கேட்கிறது. இந்தப் பாட்டு சோகம், இது மகிழ்ச்சி என்று அடையாளமும் சொல்கிறார்கள். பணம் வெல்லும் விளையாட்டில் எல்லோரையும் போலவே துள்ளுகிறார்கள். இசைக்கு மட்டும் இதயத் துடிப்பு மாறுவதில்லை, தோல் வியர்ப்பதில்லை. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இப்படி இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பின்னர் நடந்த ஆய்வு, மூளையில் கேட்கும் பகுதிக்கும் இன்பம் உணரும் பகுதிக்கும் இடையே உள்ள தொடர்பு அவர்களிடம் மெலிந்திருப்பதைக் காட்டியது. இரண்டு அறைகளிலும் விளக்கு எரிகிறது, நடுக்கதவு மட்டும் திறப்பதில்லை.

அப்பா பேருந்தில் யாரோ அழுதால் தானும் கண் கலங்குகிறவர். கல் அல்ல.

ஜனவரி 20

நேற்று எழுதிய பிறகு டார்வின் நினைவு மறுபடி வந்தது. கல்லூரிக் காலத்தில் கேம்பிரிட்ஜ் தேவாலயத்தில் பாட்டுக் கேட்கப் போவாராம், முதுகெலும்பு சிலிர்க்குமாம். ஆனால் இசையைப் பிரித்தறியும் காது தனக்குச் சுத்தமாக இல்லை, அபசுரம் தெரியாது, ஒரு மெட்டைச் சரியாக முணுமுணுக்க முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு நேர் எதிர். காது இல்லாமல் சிலிர்ப்பு, சிலிர்ப்பு இல்லாமல் காது. இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துத்தான் முதல் நாளிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

முதுமையில் டார்வினுக்கு அந்த ரசனை வற்றிப்போனது. வாழ்க்கையை மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படித்து இசை கேட்பேன் என்று வருந்தினார். அதுவரை என் மனம் அவரோடு இருக்கிறது. இந்த இழப்பு ஒருவரின் நல்லொழுக்கத்தையும் குலைக்கக்கூடும் என்று சேர்த்தார் பாருங்கள், அங்கே அவரோடு என்னால் போக முடியாது. அப்பாவை அறிந்தவர் எவரும் போக மாட்டார்.

ஜனவரி 24

கொஞ்சம் மகிழ்ச்சியான செய்தி. ஸ்னோபால் என்ற கொண்டைக்கிளி பாட்டுக்கு ஏற்பத் தலையாட்டிக் காலைத் தூக்கி ஆடுவது 2009-இல் முறையாகச் சோதிக்கப்பட்டது. பாட்டின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கிளியும் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டது, அவ்வப்போது தாளம் தவறினாலும். அடுத்தவர் ஒலியைக் கேட்டுக் கற்கும் உயிர்களுக்கே தாளம் பிடிபடும் என்று ஒரு கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. 2013-இல், அப்படிக் கற்கும் உயிராகக் கருதப்படாத ரோனன் என்ற கடற்சிங்கம் தாளத்துக்குத் தலையை ஆட்டி அந்தக் கருத்துக்கு ஒரு சிக்கலை உண்டாக்கியது. அறிஞர்கள் பாடு திண்டாட்டம், கடற்சிங்கத்துக்கு மீன்.

அதே 2009-இல் வெளிவந்த மற்றொன்று: பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாளம் ஒலிக்கவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். முக்கியமான அடி விடுபட்ட இடத்தில் அந்தப் பிஞ்சு மூளை திடுக்கிட்டது.

பிப்ரவரி 2

முதல் நாள் எழுதிய தாலாட்டுக் கட்சியைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் தயங்கினேன்.

என் மகள் முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கையை உள்ளே விடத் துளை உண்டு, தூக்க அனுமதி இல்லை. பெட்டிக்கு மேலே திரையில் அவளுடைய துடிப்பு எண்ணாக ஓடும். இருபது ஆண்டு குழல் வாசித்தவளுக்கு அன்று ஒரு மெட்டும் நினைவுக்கு வரவில்லை. ஒரே இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி முனகினேன். திரையில் எண் இறங்கியது. நிறுத்தினால் மெல்ல ஏறியது. என் ஆசைதான் அப்படிக் காட்டியதோ என்று பிறகு ஐயம் வந்ததுண்டு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 272 குறைமாதக் குழந்தைகளை 11 மருத்துவமனைகளில் கவனித்தது. பெற்றோர் விரும்பித் தேர்ந்த தாலாட்டுகளை நேரில் பாடினால் துடிப்பு நிதானப்படுகிறது, உறிஞ்சிக் குடிப்பதும் மேம்படுகிறது என்று அது சொல்கிறது. ஐயம் போயிற்று.

இதுவரை என் கட்சிக்குச் சாதகம். இனிமேல் சொல்வது பாதகம்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு இரவுகளில் நான் துவண்டுவிட்டேன். ஒருநாள் விழித்தபோது பக்கத்து அறையில் அப்பா அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். வாயில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. "ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு..." ஒவ்வொரு வரியும் ஒரே உயரத்தில் நடந்து, ஒரு படி ஏறி, கடைசிச் சொல்லில் இறங்கி உட்கார்ந்தது. அடியெடுத்து வைப்பதும் முதுகில் தட்டுவதும் சொல்லும் ஒன்றாக விழுந்தன. பதினாறாவதற்கு வந்து, மறுபடி ஒன்றிலிருந்து. குழந்தை உறங்கிப்போயிருந்தாள்.

"அப்பா, பாடினீர்களா?" என்றேன்.

"பாட்டா? வாய்ப்பாடு சொன்னேன் அம்மா. சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறாள்."

இசையிலிருந்து எந்த இன்பமும் பெறாத மனிதர் அவர். அவருக்குள் டோபமைன் எதுவும் சுரந்திருக்காது. ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது இசைதான், சுரம் பிரித்து என்னால் எழுத முடியும். அப்படியானால் இன்பத்திலிருந்து தேடத் தொடங்கியதே என் பிழை. சிலிர்ப்பைத் துரத்திக்கொண்டு நான் கேட்பவரின் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். 1997-இல் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர், இசை காதுக்கான தின்பண்டம், அது இல்லாவிட்டாலும் மனித வாழ்வு பெரிதாக மாறாது என்று எழுதியபோது கொதித்தேன். அவரும் நானும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறோம், இன்பத்தில். தோளில் கிடக்கும் உயிரோடு தன் மூச்சையும் நடையையும் ஒருவர் பொருத்திக்கொள்வது அதற்கும் முந்தியது. தமிழில் இசைதல் என்றால் இணங்குதல், பொருந்துதல் என்றும் பொருள். அந்தப் பொருளில் அப்பா இசைந்துகொண்டிருந்தார்.

தாலாட்டு என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ஆட்டப்பாட்டும் தாலாட்டும் உலகெங்கும் அடையாளம் தெரிவதற்குக் காரணம் இரண்டிலும் உடம்போடு உடம்பு பொருந்த வேண்டியிருப்பது என்று இப்போது நினைக்கிறேன். காதல் பாட்டைத் தூரத்திலிருந்தும் பாடலாம்.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவருக்கு: மொழி தெரியாத அந்தப் பெண் அடுத்து எங்கே மூச்சு எடுப்பாள் என்று உங்கள் உடம்புக்கு இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டிருந்தது. மறுபடி ஒருமுறை கேட்டு, கண்ணீர் வரும் இடத்தில் உங்கள் மூச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எழுதுங்கள்.

மகளைப் பற்றிச் சிலர் விசாரித்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறாள், பத்து வயது. என் குழலைத் தொட மாட்டேன் என்கிறாள். இரண்டாம் வாய்ப்பாட்டை மட்டும் இழுத்துத்தான் சொல்வாள், ஒரே உயரத்தில் நடந்து, ஒரு படி ஏறி, கடைசிச் சொல்லில் இறங்கி. இழுக்காமல் சொல் என்று பள்ளியில் திருத்தியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் எட்டிரண்டில் தடுமாறி நின்றுவிடுகிறாள்.